முழங்கால் வலியும் தசை வலிமையும்

முழங்கால் வலி என்பது முழங்கால் மூட்டிலோ அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலோ உணரப்படும் வலியாகும். அடிபடுதல், மூட்டுத் தேய்மானம், லிகமென்ட் கிழிதல், மூட்டழற்சி எனப் பல காரணங்களால் இது தோன்றலாம். காரணம் எதுவாயினும், மூட்டைச் சுற்றியும் அதற்கு மேலேயும் உள்ள தசைகளின் நிலை வலியின் அளவோடு தொடர்புடையதாக இருக்கிறது. தொடையின் முன்பக்கத் தசை, இடுப்புத் தசைகள், வயிறும் முதுகும் அடங்கிய நடுவுடல் தசைகள் ஆகிய மூன்றும் இதில் முக்கியமானவை. அவை எவ்வளவு விசையை உண்டாக்க முடியும் என்பது தசை வலிமை. எவ்வளவு நேரம் சோராமல் உழைக்க முடியும் என்பது தாங்குதிறன்.

தசை வலுவிழந்தால் முழங்கால் வலிக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அது பாதி உண்மையே. வலி வந்தாலும் தசை வலுவிழக்கும். எது முதலில் வந்தது என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே, உடற்பயிற்சியிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் அமைகிறது.

மூட்டின் அமைப்பும் அதன்மேல் விழும் சுமையும்

தொடை எலும்பின் கீழ்முனையும் கணைக்கால் எலும்பின் மேல்முனையும் சந்திக்கும் இடமே முழங்கால் மூட்டு. இவற்றுக்கு முன்னால், தொடைத் தசையின் நாணுக்குள் பதிந்திருக்கும் முழங்காற்சில்லு, தொடை எலும்பில் உள்ள ஒரு பள்ளத்தில் மேலும் கீழும் வழுக்கிச் செல்கிறது. இடுப்பு மூட்டில் பந்து போன்ற எலும்புமுனை ஆழமான கிண்ணத்துக்குள் பொருந்தியிருக்கிறது. முழங்காலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. உருண்ட இரு முனைகள் ஏறத்தாழத் தட்டையான ஒரு மேடைமேல் நிற்கின்றன. அவை சரிந்துவிடாமல் பிடித்து வைத்திருப்பவை லிகமென்ட் எனப்படும் இணைப்பு நார்களும், மெனிஸ்கஸ் எனப்படும் பிறைவடிவக் குருத்தெலும்புகளும், சுற்றியுள்ள தசைகளும் ஆகும். இவற்றுள் பயிற்சியால் கணிசமாக மாற்றக்கூடியது தசை மட்டுமே.

முழங்கால் தாங்கும் சுமை உடல் எடையைவிடப் பல மடங்கு அதிகம். பெர்லின் சாரிட்டே மருத்துவமனையின் ஆய்வாளர்கள், விசையை அளக்கும் உணரிகள் கொண்ட செயற்கை முழங்கால்கள் பொருத்தப்பட்ட 5 பேரிடம் இதை நேரடியாக அளந்து 2010ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இரண்டு கால்களிலும் நிற்கும்போது ஒரு முழங்காலில் விழும் விசை உடல் எடையின் 1.07 மடங்காக இருந்தது. சமதரையில் நடக்கையில் 2.6 மடங்கு. நாற்காலியிலிருந்து எழுகையில் ஏறத்தாழ 2.5 மடங்கு. படி ஏறும்போது 3.2 மடங்கு, இறங்கும்போது 3.5 மடங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் படியிறங்கும் ஒவ்வோர் அடியிலும் அவரது முழங்கால் 200 கிலோவுக்கு மேற்பட்ட எடைக்கு நிகரான விசையைத் தாங்குகிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதற்கு அதிகம் அஞ்சுவது வெறும் மனப்பிரமை அன்று.

உடல் எடை 60 கிலோதான் என்றால் மீதி எங்கிருந்து வருகிறது? தசைகளின் இழுப்பிலிருந்து. கால் மடங்கிச் சரியாமல் இருக்கத் தொடைத் தசை இழுக்கிறது. அந்த இழுப்பே மூட்டை அழுத்துகிறது. ஆக, தசை மூட்டின் காவலன் மட்டுமல்ல, அதன் சுமையில் பெரும்பங்கும் அதனுடையதே. இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. தசை வலுத்தால் மூட்டின் சுமை தானாகவே குறைந்துவிடும் என்ற எளிய கணக்கு ஏன் எப்போதும் சரிவருவதில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

வலி எங்கே தோன்றுகிறது

முழங்கால் குருத்தெலும்பில் நரம்புகள் இல்லை. அமெரிக்க எலும்பு மருத்துவர் ஸ்காட் டை இதைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தார். மூட்டுக்குள் உணர்விழப்பு மருந்து செலுத்தாமல், தோலில் மட்டும் மரத்துப்போகச் செய்து, சக மருத்துவர் ஒருவரைக் கொண்டு தம் முழங்காலுக்குள் நுண்கருவியை நுழைக்கச் செய்து, ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். 1998ஆம் ஆண்டில் வெளியான அந்தக் கட்டுரையின்படி, முழங்காற்சில்லின் குருத்தெலும்பைத் தொட்டபோது அவருக்கு வலியே தெரியவில்லை. மூட்டின் முன்பக்க உட்சவ்வையும் சில்லுக்குக் கீழுள்ள கொழுப்புத் திண்டையும் தொட்டபோதோ பொறுக்க முடியாத வலி ஏற்பட்டது.

வலி உண்டாவது பெரும்பாலும் உட்சவ்வு, கொழுப்புத் திண்டு, குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பு, மூட்டுறை போன்ற நரம்பு மிகுந்த திசுக்களில்தான். எனவே படத்தில் தெரியும் தேய்மானத்துக்கும் உணரப்படும் வலிக்கும் ஒன்றுக்கொன்று என்ற பொருத்தம் கிடையாது. அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகரில் 50 வயதைக் கடந்த, எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியாத 710 பேரின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 2012ஆம் ஆண்டில் வெளியானது. அவர்களில் 89 விழுக்காட்டினரிடம் தேய்மானத்தைச் சார்ந்த ஏதேனும் ஒரு மாற்றம் இருந்தது. வலி இருந்தவர், இல்லாதவர் என்ற வேறுபாடு இதில் பெரிதாகத் தெரியவில்லை.

தமிழில் வழங்கும் ‘தேய்மானம்’ என்ற சொல்லே இங்குச் சற்றுத் தொல்லை தருகிறது. வண்டிச் சக்கரத்தின் டயர் தேய்வதுபோல, ஓட ஓட முழங்காலும் தேய்கிறது என்ற எண்ணத்தை அது விதைத்துவிடுகிறது. ‘மூட்டு தேய்ந்துவிட்டது’ என்று கேட்டவர் அடுத்த நாளிலிருந்தே நடையைக் குறைக்கிறார், மாடிக்குப் போவதை நிறுத்துகிறார். டயருக்கு இல்லாத ஒன்று மூட்டுக்கு உண்டு. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. அழுந்தி விரியும் அசைவின் மூலமே மூட்டுத் திரவத்திலிருந்து அது ஊட்டம் பெறுகிறது. அசைவை நிறுத்தினால் அதற்குக் கிடைக்கும் ஊட்டம் குறைகிறது, தசையும் மெலிகிறது.

தொடையின் முன்பக்கத் தசை

முழங்காலை நீட்டும் வேலையைச் செய்வது தொடையின் முன்பக்கத்தில் உள்ள குவாட்ரிசெப்ஸ் தசைத் தொகுதி. நான்கு தலைகளாகத் தொடங்கும் இது, கீழே ஒரே நாணாகத் திரண்டு முழங்காற்சில்லைத் தழுவி, கணைக்கால் எலும்பில் ஒட்டிக்கொள்கிறது. எழுவதற்கும் ஏறுவதற்கும் மட்டும் இது தேவைப்படுவதில்லை. குதிகால் தரையைத் தொடும் நொடியில் முழங்கால் சிறிதளவு மடங்குகிறது. அந்த மடிப்பை இத்தசை நீண்டுகொண்டே பிடித்து நிறுத்துகிறது. கயிற்றில் கட்டிய குடத்தைக் கிணற்றுக்குள் விடும்போது கை கயிற்றை நழுவவிட்டு நழுவவிட்டுப் பிடிப்பதைப் போன்றது இது. பிடி தளர்ந்தால் குடம் ‘தொம்’மென்று விழும். பிடி தளர்ந்த கால் படியில் இறங்கும்போதும் அதுவே நேர்கிறது. அதிர்ச்சியைத் தசை வாங்காவிட்டால் எலும்பும் குருத்தெலும்பும் வாங்க வேண்டியதுதான்.

மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் இத்தசை வலுவிழந்திருப்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. வலியால் காலைப் பயன்படுத்தாமல் விட்டதன் விளைவே அது என்றுதான் முதலில் கருதப்பட்டது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 65 வயதைக் கடந்தவர்களை ஆராய்ந்து 1997ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இந்தக் கருத்தை அசைத்தது. எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தும் வலி இல்லாதவர்களிடமும் தொடைத் தசை வலுவிழந்தே இருந்தது; அவர்களது தசையின் அளவும் குறைந்திருக்கவில்லை. அதே குழுவினர் அடுத்த ஆண்டு வெளியிட்ட தொடர் ஆய்வில், பின்னாளில் தேய்மானம் ஏற்பட்ட பெண்களின் தொடைத் தசை, நோய் தோன்றும் முன்னரே மற்றவர்களுடையதைவிட 18 விழுக்காடு வலிமை குறைந்திருந்தது தெரியவந்தது. வலுவிழத்தல் வலிக்கு முன்பே இருக்கக்கூடும் என்பதற்கு இது ஒரு சான்று.

மறுபக்கத்துக்கும் வலுவான சான்று உண்டு. மூட்டில் நீர் கோத்தாலோ காயம் ஏற்பட்டாலோ, அங்கிருந்து செல்லும் நரம்புச் செய்திகள் தண்டுவடத்தில் தொடைத் தசைக்கான கட்டளையை அமுக்கிவிடுகின்றன. தசை இருக்கும், ஆனால் அதை முழுமையாக முடுக்க முடியாது. நோயற்ற முழங்காலுக்குள் உப்புநீரைச் செலுத்திப் பார்த்த 1984ஆம் ஆண்டு ஆய்வொன்றில், 20 முதல் 30 மில்லிலிட்டர் அளவிலேயே தொடையின் உட்புறத் தலை செயல் மங்கத் தொடங்கியது. மற்றத் தலைகளை அமுக்க ஏறத்தாழ இருமடங்கு நீர் தேவைப்பட்டது. மருந்துப் புட்டி மூடியில் கொள்ளும் அளவிலான நீர்க்கோவை ஒரு பெரிய தசையை முடக்கத் தொடங்குகிறது என்பது வியப்புக்குரியது.

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அமெரிக்காவில் 20 நோயாளிகளை ஆராய்ந்து 2005ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கட்டுரையின்படி, அறுவை முடிந்த ஒரு மாத அளவில் தொடைத் தசையின் வலிமை, அறுவைக்கு முன் இருந்ததைவிட 62 விழுக்காடு குறைந்திருந்தது. தசையின் பருமனோ 10 விழுக்காடு மட்டுமே குறைந்திருந்தது. இழந்த வலிமையில் பெரும்பகுதி மெலிவால் வந்ததன்று. நரம்புக் கட்டளை தடைபட்டதால் வந்தது. அறுவை முடிந்து ‘காலைத் தூக்கவே வரவில்லை’ என்று சொல்பவரைச் சோம்பேறி என்று வீட்டார் கடிந்துகொள்வது இதை அறியாததால்தான். இத்தகைய நிலையில் வீக்கத்தைக் குறைப்பதும், மின்தூண்டல் மூலம் தசையை முடுக்குவதும் பயிற்சியோடு சேர்த்தே செய்யப்படுகின்றன.

ஆகவே தொடர்பு ஒரு வட்டமாக அமைகிறது. வலியோ நீர்க்கோவையோ தசையை அமுக்குகிறது. அமுங்கிய தசை அதிர்ச்சியை வாங்கத் தவறுகிறது. மூட்டு மேலும் எரிச்சலடைகிறது. எங்கே தொடங்கியது என்பது ஆளுக்கு ஆள் மாறலாம். உடைக்க எளிதான இடம் பெரும்பாலும் தசைதான்.

இடுப்புத் தசைகள்

ஒற்றைக் காலில் நிற்கும்போது, தூக்கிய காலின் பக்கம் இடுப்பு சரிந்துவிடாமல் பிடிப்பது நிற்கும் காலின் பக்கமுள்ள குளூட்டியஸ் மீடியஸ் என்னும் புட்டத் தசை. நடையில் ஒவ்வோர் அடியும் ஒரு நொடிநேர ஒற்றைக்கால் நிலைதான் என்பதால், இத்தசைக்கு நாள் முழுவதும் வேலை உண்டு. இது வலுவிழந்தவர்களின் இடுப்பு எதிர்ப்பக்கமாகச் சரிவதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபிரிட்ரிக் டிரெண்டலன்பர்க் 1895ஆம் ஆண்டில் விவரித்தார். அந்தச் சோதனை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இடுப்பு சரியும்போதோ தொடை எலும்பு உட்பக்கமாகத் திரும்பும்போதோ, முழங்கால் உள்நோக்கி விழுகிறது. அப்போது முழங்காற்சில்லு தன் பள்ளத்தின் நடுவில் ஓடாமல் வெளிவிளிம்பில் உராய்கிறது. ‘தண்டவாளத்தை விட்டு ரயில் விலகுகிறது என்று நினைக்கிறோம், உண்மையில் ரயிலுக்குக் கீழே தண்டவாளம்தான் விலகுகிறது’ என்ற ஒப்புமை இத்துறையில் வழங்கும் ஒன்று. ஓட்டப் பயிற்சி செய்யும் இளையோரிடம், குறிப்பாகப் பெண்களிடம், முழங்காலின் முன்பக்கத்தில் காணப்படும் வலிக்கு இதுவே முதன்மை விளக்கமாகச் சொல்லப்பட்டுவந்தது. நெடுநேரம் உட்கார்ந்தபின் எழும்போதும், படியிறங்கும்போதும், குந்தும்போதும் மிகும் வலி அது.

விளக்கம் அழகாக இருப்பதாலேயே அதை முழுமையாக நம்பிவிட முடியாது. இந்த வலி உள்ளவர்களை அளந்தால் அவர்களது இடுப்புத் தசை வலுவிழந்திருப்பது உண்மை. ஆனால் வலி தோன்றும் முன்பே அளந்துவைத்துப் பின்தொடர்ந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2014ஆம் ஆண்டின் மறுஆய்வு, இடுப்பு வலுவிழந்தவர்களுக்குப் பின்னர் இவ்வலி அதிகம் வருவதாகக் காணவில்லை. இடுப்புத் தசையின் தளர்வு இவ்வலிக்குக் காரணம் என்பதைவிட விளைவாகவே இருக்கலாம் என்பது அதன் முடிவு. இதனால் இடுப்புப் பயிற்சி பயனற்றது என்று ஆகிவிடாது. விளைவாக வந்த தளர்வையும் சரிசெய்தாக வேண்டும். சரிசெய்தால் வலி குறைவதும் காணப்படுகிறது.

நடுவுடல் தாங்குதிறன்

‘கோர்’ என்று உடற்பயிற்சிக் கூடங்களில் அழைக்கப்படுவதை ஆறு பொதி வயிற்றோடு குழப்பிக்கொள்வது வழக்கம். நடுவுடல் என்பது ஒரு பெட்டியைப் போன்றது. முன்னும் பக்கங்களிலும் வயிற்றுத் தசைகள், பின்னால் முதுகுத் தசைகள், மேலே உதரவிதானம், கீழே இடுப்புத் தளத் தசைகள். கைகால்கள் எந்த விசையை உண்டாக்கினாலும் அதற்கு ஊன்றுகோலாக இருப்பது இந்தப் பெட்டிதான். ஆடும் தோணியில் நின்றுகொண்டு கோல் ஊன்றுவது எவ்வளவு கடினமோ, உறுதியற்ற நடுவுடலின்மேல் கால் இயங்குவதும் அவ்வளவு கடினம்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் ஆகியோர் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நிற்பவரைக் காலை அசைக்கச் சொன்னபோது, காலை அசைக்கும் தசைக்கு முன்னதாகவே வயிற்றின் உள்ளடுக்குத் தசை முடுக்கப்பட்டது. உடல் முதலில் ஊன்றிக்கொள்கிறது. பிறகே காலை அசைக்கிறது.

நடுவுடலுக்கும் முழங்காலுக்கும் நேரடித் தொடர்பைக் காட்டியது யேல் பல்கலைக்கழகத்தில் 277 கல்லூரி விளையாட்டு வீரர்களைக் கொண்டு நடந்த ஆய்வு. ஒரு விசைக்கு எதிராக அவர்களது உடலை நிறுத்தி, அந்த விசையைத் திடீரென விடுவித்து, மேலுடல் எவ்வளவு தூரம் சாய்கிறது என்று அளந்தனர். கயிறிழுக்கும் போட்டியில் எதிரணி சட்டென்று விட்டுவிட்டால் நேர்வதைப் போன்றது இது. பிறகு மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். முழங்காலில் காயமடைந்த 25 பேரின், குறிப்பாக லிகமென்ட் காயமடைந்தவர்களின் மேலுடல், காயமடையாதவர்களுடையதைவிட அதிகம் சாய்ந்திருந்தது. பெண்களிடம் இத்தொடர்பு வலுவாக இருந்தது. 2007ஆம் ஆண்டில் வெளியான இந்த ஆய்வு அளந்தது வலியை அன்று, காயத்தை. வலிமையை அன்று, கட்டுப்பாட்டை. இதை நினைவில் கொள்ளாமல் ‘வயிற்றுப் பயிற்சி முழங்கால் வலியைத் தீர்க்கும்’ என்று விளம்பரப்படுத்துவோர் உண்டு.

நடுவுடலைப் பொறுத்தவரை வலிமையைவிடத் தாங்குதிறனே அதிகம் பேசப்படுவதற்குக் காரணம் எளியது. நிமிர்ந்து நிற்கவோ நடக்கவோ இத்தசைகளின் முழு வலிமையில் ஒரு சிறு பங்கே போதும். ஆனால் அந்தச் சிறு பங்கு மணிக்கணக்காகத் தேவைப்படுகிறது. காலையில் ஒழுங்காக நடப்பவர் மாலையில் இடுப்பை ஆட்டி நடப்பதும், ஓட்டக்காரருக்கு முதல் சில கிலோமீட்டரில் வராத முழங்கால் வலி கடைசியில் வருவதும் களைப்போடு தொடர்புடையவை. தசை சோர்ந்தபின் உடலைச் சாய்த்தும் திருப்பியும் சமாளிக்கிறோம்; அந்தக் கோணல் முழங்காலில் விடிகிறது.

இதை அளப்பதற்குக் கனடிய ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் முறைப்படுத்திய சோதனைகள் பரவலாகப் பயன்படுகின்றன. குப்புறப்படுத்து இடுப்புக்கு மேலுள்ள உடலை மேசைக்கு வெளியே தரைக்கு இணையாக நிறுத்துவது ஒன்று. சாய்ந்து உட்கார்ந்த நிலையில் முதுகைத் தாங்கலில்லாமல் வைத்திருப்பது இன்னொன்று. ஒரு முழங்கையிலும் பாதங்களிலும் ஊன்றிப் பக்கவாட்டில் உடலைத் தூக்கி நிறுத்துவது மூன்றாவது. எத்தனை விநாடி தாக்குப்பிடிக்கிறார் என்பதே மதிப்பெண். முதுகுச் சோதனையில் இளம்பெண்கள் இளைஞர்களைவிட நீண்ட நேரம் தாக்குப்பிடித்தனர். பக்கவாட்டுச் சோதனையில் ஆண்கள் முந்தினர். எடை தூக்கும் வலிமையும் தாங்குதிறனும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இச்சோதனைகள் காயத்தை முன்கூட்டியே சொல்லுமா என்றால், அவ்வளவாக இல்லை. கூடைப்பந்து, ஓட்ட வீரர்களைக் கொண்டு 2004ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் முதுகு, பக்கவாட்டுத் தாங்குதிறன்களும் இடுப்பு வலிமையும் சேர்த்தே அளக்கப்பட்டன. காலில் யாருக்குக் காயம் ஏற்படும் என்பதை ஓரளவு சுட்டியது, தொடையை வெளிப்பக்கமாகத் திருப்பும் இடுப்பு வலிமை மட்டுமே.

பயிற்சி செய்தவர்களுக்கு என்ன ஆயிற்று

முழங்காலின் முன்பக்க வலி உள்ள 199 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இடுப்பு, நடுவுடல் பயிற்சிகளையும் மற்றொன்றுக்கு முழங்காலை மையமாகக் கொண்ட பயிற்சிகளையும் 6 வாரம் அளித்த ஆய்வு 2015ஆம் ஆண்டில் வெளியானது. இரு பிரிவினருக்கும் வலி குறைந்தது. இடுப்பு, நடுவுடல் பிரிவினருக்கு ஒரு வாரம் முன்னதாகவே குறையத் தொடங்கியது. முழங்காலை நேரடியாகச் சுமையேற்றாமலே வலியைக் குறைக்க முடிந்தது என்பதே இதன் பயன். தொட்டாலே வலிக்கும் நிலையில் உள்ளவருக்கு இடுப்பிலிருந்து தொடங்குவது நல்ல வழி. இடுப்பையும் முழங்காலையும் சேர்த்துப் பயிற்றுவிப்பதையே வல்லுநர் குழுவொன்று 2016ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது.

முதியோரின் மூட்டுத் தேய்மானத்தில் சான்று இன்னும் பெரியது. காக்ரேன் அமைப்பின் 2015ஆம் ஆண்டு மறுஆய்வு 54 ஆய்வுகளைத் தொகுத்தது. 100 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் பயிற்சி வலியை ஏறத்தாழ 12 புள்ளிகள் குறைத்தது. அன்றாட இயக்கம் 10 புள்ளிகள் மேம்பட்டது. இது மாயம் அன்று. வலி முற்றிலும் நீங்கிவிடும் என்று எதிர்பார்த்துத் தொடங்குபவர் இரண்டாம் வாரத்திலேயே சலித்துவிடுவார். பேருந்தில் ஏறுவதற்கும் ஏறாமல் விடுவதற்கும் இடையிலான வேறுபாட்டை எதிர்பார்ப்பவருக்கு 12 புள்ளிகள் சிறிதல்ல.

வலி குறைவது எப்படி என்பதில்தான் எதிர்பாராத முடிவுகள் வந்தன. மெல்போர்னில் 12 வாரம் இடுப்புத் தசைப் பயிற்சி பெற்ற தேய்மான நோயாளிகளுக்கு வலி குறைந்தது. நடக்கும்போது மூட்டின் உட்புறத்தில் விழும் சுமையைக் குறிக்கும் அளவீடோ மாறவில்லை. மூட்டின் சுமை மாறாமலே வலி குறைந்திருக்கிறது. பயிற்சியின்போது நரம்பு மண்டலத்தில் ஏற்படும் மாற்றம், அழற்சி தணிதல், ‘இந்தக் கால் தாங்கும்’ என்ற நம்பிக்கை ஆகியவற்றுக்கு இதில் பங்கு உண்டு என்று கருதப்படுகிறது.

அதிக எடையைத் தூக்கினால் அதிகப் பலன் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும் பொய்த்தது. அமெரிக்காவில் 377 பேரைக் கொண்டு 18 மாதங்கள் நடத்தி 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கடும் எடைப் பயிற்சி, குறைந்த எடைப் பயிற்சி, பயிற்சியின்றி நலக்கல்வி மட்டும் என மூன்று பிரிவுகள் இருந்தன. முடிவில் கடும் எடைப் பிரிவினரின் முழங்கால் வலி மற்ற இரு பிரிவினருடையதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருக்கவில்லை. இதைவிட எச்சரிக்கையூட்டும் முடிவு 2003ஆம் ஆண்டிலேயே வந்திருந்தது. கால் வில்லாக வளைந்தோ முட்டிக்கொண்டோ இருப்பவர்களிடமும் மூட்டு தளர்ந்தவர்களிடமும், தொடைத் தசை வலுவாக இருந்தால் தேய்மானம் விரைவாக முற்றுவதாக அது காட்டியது. தசையின் இழுப்பே மூட்டை அழுத்துகிறது என்று முன்னர் சொன்னது இங்கேதான் பொருந்துகிறது. கோணலான மூட்டில் அந்த அழுத்தம் ஒரே பக்கத்தில் குவிகிறது. இத்தகையோர் இணையத்தில் பார்த்த பயிற்சியைத் தாமாகக் கூட்டிக்கொண்டே போகாமல், இயன்முறை மருத்துவரிடம் கால் அமைப்பைக் காட்டியபின் தொடங்குவது பாதுகாப்பானது.

உடல் எடையையும் இங்கே விட்டுவிட முடியாது. எடை மிகுந்த தேய்மான நோயாளிகளை ஆராய்ந்த 2005ஆம் ஆண்டு ஆய்வு, குறைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஓர் அடியில் முழங்காலில் விழும் சுமை 4 கிலோ குறைவதாகக் கணக்கிட்டது.

பயிற்சிகள் செய்யப்படும் முறை

வலி கடுமையாக உள்ளவர்களுக்குத் தொடக்கம் அசைவில்லாத பயிற்சிதான். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, அதை நசுக்குவதுபோலத் தொடையை இறுக்கி 5 விநாடி வைத்திருப்பார்கள். அடுத்தது மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மற்றக் காலை நேராக ஓரடி உயரம் தூக்குவது. இவை எளிதானபின் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது வருகிறது. இதுவே ஒரு சோதனையும் ஆகும். 30 விநாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று குறித்துவைத்தால் முன்னேற்றம் தெரியும். உயரமான நாற்காலியில் தொடங்கி, படிப்படியாகத் தாழ்வான இருக்கைக்கு வருவது வழக்கம். தரையில் உட்கார்ந்து எழும் பழக்கம் உள்ளவர்கள் அதை மீண்டும் பெறுவதற்கு இது ஒரு படிக்கட்டு.

இடுப்புக்கு, ஒருக்களித்துப் படுத்து மேற்காலை நேராகத் தூக்குவதும், முழங்கால்களை மடக்கிச் சிப்பி திறப்பதுபோல மேற்காலை மட்டும் விரிப்பதும் போதுமான தொடக்கம். மல்லாந்து முழங்கால்களை மடக்கி இடுப்பைத் தூக்கும் பாலப் பயிற்சி புட்டத்துக்கும் முதுகுக்கும் ஒருசேர வேலை கொடுக்கிறது. நடுவுடலுக்குப் பிளாங்க் எனப்படும் முழங்கை ஊன்றிய நிலையும் அதன் பக்கவாட்டு வடிவமும் வழக்கத்தில் உள்ளன. முழங்காலை ஊன்றிச் செய்யும் எளிய வடிவத்தை, மூட்டுவலி உள்ளவர்கள் மெத்தை விரிப்பின்மேல் செய்வது நல்லது. நெடுநேரம் ஒரே மூச்சில் நிற்பதைவிட, 10 விநாடி வீதம் பல முறை செய்வதை மெக்கில் பரிந்துரைக்கிறார். தாங்குதிறன் அப்படியும் வளர்கிறது; சோர்ந்தபின் வரும் கோணலும் தவிர்க்கப்படுகிறது. மூச்சை அடக்கக் கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம்.

டென்மார்க்கில் 2013ஆம் ஆண்டில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய ஒரு திட்டத்தில், நோயைப் பற்றிய சில விளக்க வகுப்புகளும் வாரம் இருமுறை வீதம் 6 வாரம் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியும் இடம்பெறுகின்றன. அங்கு எவ்வளவு எடை தூக்கினார் என்பதைவிட, முழங்கால் பாதத்துக்கு நேராக நிற்கிறதா என்பதே கவனிக்கப்படுகிறது. வீட்டில் ஒரு நிலைக்கண்ணாடி முன் நின்று, தாழ்வான படியிலிருந்து ஒரு காலால் மெதுவாக இறங்கிப் பார்த்தால் இது எவருக்கும் தெரியும். முழங்கால் பெருவிரலைத் தாண்டி உள்ளே விழுந்தால் படியின் உயரத்தைக் குறைக்க வேண்டும்.

பயிற்சியின்போது இலேசான வலி வருவது இயல்பு. 10க்கு 4 அல்லது 5 என்ற அளவுக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் தொடரலாம். மறுநாளும் வலியோ வீக்கமோ நீடித்தால் செய்த அளவு அதிகம். நிறுத்திவிடாமல் பாதியாகக் குறைப்பதே முறை. முதல் சில வாரங்களில் கூடும் வலிமை பெரும்பாலும் நரம்புக் கட்டளை சீராவதால் வருவது. தசை பருப்பதற்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். விட்டுவிட்டால் சில மாதங்களில் பயன் கரைந்துவிடுகிறது.

பயிற்சிக்கு முன் மருத்துவரைக் காண வேண்டிய நிலைகளும் உண்டு. முழங்கால் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அது மூட்டுக்குள் ஏற்பட்ட நோய்த்தொற்றாக இருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடிபட்டபின் காலை ஊன்ற முடியாமை, மூட்டு பாதியில் பூட்டிக்கொண்டு நீட்ட வராமை, சில மணி நேரத்தில் பெரிதாக வீங்குதல், இரவில் ஓய்விலும் குறையாத வலி, கெண்டைக்கால் வீங்கி வலித்தல் ஆகியவையும் காத்திருக்கக் கூடியவை அல்ல. சிறுவர்கள் முழங்கால் வலி என்று நொண்டினால் இடுப்பு மூட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இடுப்பில் உள்ள கோளாறு முழங்காலில் வலியாகத் தெரிவது அவர்களிடம் மிகுதி. முழங்காலை மட்டும் படமெடுத்து ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் இடுப்பு மூட்டின் நோய் கவனிக்கப்படாமல் முற்றக்கூடும்.